ஜாஸ்பின் வண்டியின் சத்தம்

வில்லுக்குறிப் பக்கம், கால்வாயை ஒட்டிய சானல்கரை வளைவில் ஒரு கார் திரும்பினால், அது யார் வண்டி, அதற்கு என்ன கோளாறு என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவார் ஞானசிங். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ஸ்டோர் பிரிவில் உத்தியோகம். அங்கே பேனா பிடித்த கை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்பேனர் பிடிக்கும். கோயிலுக்குக் கட்டிய வெள்ளை வேட்டியை மாற்றக்கூடப் பொறுக்காமல் எஞ்சினுக்குள் தலையை விட்டு, அந்த வேட்டிக்காக மனைவி ஜாஸ்பினிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அவரைப் போலவே கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் மூன்று பேர். மார்த்தாண்டத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் எபிசன். கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்து, திரும்பிப் போகாமலே நாளைக் கடத்தும் அனிஷ். தக்கலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான ஸ்மிதா. நான்கு பேரிடமும் இருந்தவை ஒர்க்‌ஷாப்காரர்கள் தூரத்தில் பார்த்தாலே ஷட்டரை இறக்கிவிடும் பழைய வண்டிகள். அதனால் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொண்டார்கள். யார் வண்டி படுத்துவிட்டதோ அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். கூலி என்று எதுவும் கிடையாது. வீட்டுக்காரர் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சட்டம் மட்டும் உண்டு. யாருடைய வண்டியைத் திறக்கிறார்களோ, அவர் அன்றைக்கு ஸ்பேனரைத் தொடக் கூடாது. பக்கத்தில் நின்று யோசனை சொல்லவும் கூடாது. அடுக்களைக்குப் போய்விட வேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்தவரே ஞானசிங்தான். சொந்த வண்டி என்றால் முறுக்கியது போதாது போல ஒரு சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். அப்படித்தான் தன் ஜீப்பில் ஒரு போல்ட்டை முறுக்கி முறுக்கி உடைத்துவிட்டார். உடைந்த துண்டைத் தோண்டி எடுக்க மற்ற மூவரும் பட்ட பாட்டைப் பார்த்து, குற்றவாளியே எழுந்து நின்று தீர்ப்பும் சொன்னார்.

ஊரார் எஞ்சினையெல்லாம் சரி பார்த்த மனிதரால், வீட்டில் நின்ற ஒரு வண்டியை மட்டும் தொட முடியவில்லை. அது ஜாஸ்பினின் வெள்ளை எண்ணூறு சிசி கார். அவள் கிராம சுகாதார செவிலியர். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்புகளுக்குக் காலையில் அதில் ஏறிப் போனால் சாயங்காலம் இறங்கி வருவாள். மலைப்பாதையில் உழைத்து உழைத்து, அதன் எஞ்சினுக்குள் வால்வைத் தட்டும் டேப்பட் ஒன்று தளர்ந்துபோயிருந்தது. டிபன் பாத்திர மூடியை விரலால் தட்டுகிற மாதிரி, எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஒரு டக்டக் சத்தம். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி ஒரு திருகை லேசாகத் திருப்பினால் தீர்ந்துவிடும் சங்கதி. ஞானசிங்குக்கோ சாப்பாட்டில் கல் கடிபடுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் ஸ்பேனரோடு கிட்டே போனவரை ஜாஸ்பின் மறித்துவிட்டாள்.

"அது கெடக்கட்டு. வளைவில எனக்க சத்தம் கேட்டா, நீங்க எழும்பிப் போயி கட்டன் சாயக்குத் தண்ணி வையுங்க. நான் வந்து எறங்கும்போ சூடா இருக்கணும்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. டக்டக் கேட்டதும் செய்தித்தாளைப் போட்டுவிட்டு எழுந்திருப்பார். அவள் காரை நிறுத்தி, மருந்துப் பையை எடுத்து, செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் சரியாக இருக்கும்.

பிப்ரவரியில் ஜாஸ்பின் போய்விட்டாள். ஒரு விடுமுறை நாள் காலை, தலை வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஞானசிங் அழவில்லை. பாஸ்டரிடம் எந்தப் பாட்டு என்று சொன்னார், பந்தல்காரனிடம் நாற்காலி போதுமா என்று கேட்டார், துபாயிலிருந்து ஓடிவந்த மகள் ரெஜிஷாவைத் தேற்றினார். அடக்கம் முடிந்து மகளைத் திரும்ப விமானமும் ஏற்றிவிட்டார். ஆளுக்கு எத்தனை திடம் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். திடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளே எதுவுமே நடக்கவில்லை, அவ்வளவுதான். உப்பில்லாத குழம்பை உப்பில்லை என்று தெரியாமலே சாப்பிட்டார். ஆலைக்குப் போனார், வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அனிஷ் வீட்டுக்கும் எபிசன் வீட்டுக்கும் போய் எஞ்சின் பார்த்தார். கை வேலை செய்தது. மனம் மரத்துப்போய் எங்கோ கிடந்தது.

இப்படியே இருந்துவிடுவோமோ என்று ஒருநாள் அவருக்கே பயம் வந்தது. பெண்டாட்டி செத்ததற்கு அழாதவன் என்ன மனுஷன்? அப்போதுதான் அந்தச் சத்தத்தின் நினைவு வந்தது. அதை ஒருமுறை கேட்டால் ஏதாவது ஆகும் என்று தோன்றியது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த அவள் காரின் தார்ப்பாயை விலக்கிச் சாவியைப் போட்டுப் பார்த்தார். பேட்டரி செத்திருந்தது. வயரை எலி கடித்திருந்தது. டேங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய் வாடை வீசியது. வாட்ஸ்அப் குழுவில், ஜாஸ்பின் வண்டியை ஓட வைக்க வேண்டும் என்று போட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. டேப்பட் சத்தத்தைச் சரி பண்ணிவிடாதீர்கள் என்று ஒரு கார்க்காரன் இன்னொரு கார்க்காரனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். ஞானசிங்கின் சட்டம் ஞானசிங்கையே அடுக்களைக்கு அனுப்பியது. அவர் மரச்சீனி அவித்து, சாளை மீன்கறி கூட்டி வைக்கும் நேரத்தில் எபிசன் வயரை மாற்றினார். ஸ்மிதா டீச்சர் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். இத்தனை மாதம் ஓடாமல் கிடந்த எஞ்சின் உலர்ந்திருக்குமே என்று, அனிஷ் மேல்மூடியைக் கழற்றி எண்ணெய் விட்டான். அங்கேதான் வினை. தளர்ந்த டேப்பட் ஒன்று கண்முன்னால் ஆடிக்கொண்டிருக்கும்போது, நம் ஆட்களில் எவன் சும்மா மூடிவைப்பான்? அண்ணனுக்கு ஒரு உபகாரமாக இருக்கட்டும் என்று, ஒன்றோடு விடாமல் எல்லாவற்றையும் கேஜ் வைத்து அளந்து சரியாக்கிவிட்டான்.

எல்லாம் முடிந்ததும் அவரைக் கூப்பிட்டார்கள். ஸ்மிதா டீச்சர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஞானசிங் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு பிசிறில்லாமல், புது வண்டி போல, மெழுகிவிட்ட மாதிரி ஓடியது.

"ஒரு சத்தம் உண்டுமே" என்றார்.

"அத எடுத்தாச்சு அண்ணா. எல்லா டேப்பட்டும் செட் பண்ணிட்டேன். இனி ஒரு சத்தமும் கேக்காது, பாத்துக்கிடுங்க" என்றான் அனிஷ். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

நல்லது மக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இலை போட்டார் ஞானசிங். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. கோபம்கூட வரவில்லை. எபிசனின் இலையில் கறியை ஊற்றிக்கொண்டே இருந்தவரைப் போதும் போதும் என்று எபிசன்தான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மற்ற இருவரும் கை கழுவப் போனபோது ஸ்மிதா டீச்சர் விடவில்லை, என்னவென்று கேட்டார். மழை பெய்தது, விட்டது என்று சொல்லும் குரலில், கட்டனையும் வளைவையும் அந்தச் சத்தத்தையும் பற்றி ஞானசிங் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டார். போகிற வழியில் மற்ற இருவரிடமும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் கூப்பிடாமலே மூவரும் வந்து நின்றார்கள். அனிஷுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஞானசிங் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் அவரை அடுக்களைக்குப் போகச் சொன்னார். சட்டம் சட்டம்தான் என்றார்.

பிறகு நடந்ததை வேறு யாராவது பார்த்திருந்தால் மூவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். நன்றாக ஓடும் எஞ்சினைக் கெடுக்க மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தளர்ந்திருந்தது எது என்பது அனிஷுக்கு நினைவிருந்தது. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. கொஞ்சம் தளர்த்தினால் சத்தமே இல்லை. இன்னும் தளர்த்தினால் கொல்லன் பட்டறை. இது டக்டக் இல்லை, டிக்டிக் என்றார் எபிசன். அந்தக் காரின் சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோமே என்று கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டார்கள். மறுபடி மூடியைக் கழற்றினார்கள். உள்ளே ஞானசிங் பாத்திரம் கழுவிக்கொண்டு, வேறு யார் வீட்டுக் காரியமோ நடக்கிற மாதிரி அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அனிஷ் காரை எடுத்துக்கொண்டு வெளியே போனான். முற்றம் அமைதியாயிற்று.

ஞானசிங் காய்ந்த பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சானல்கரை வளைவில் ஒரு கார் திரும்பியது.

டக்டக். டக்டக்.

அவர் ஒன்றும் நினைக்கவில்லை. கை போய்ச் சட்டியில் தண்ணீர் பிடித்தது. அடுப்பைப் பற்ற வைத்தது. தேயிலை டப்பாவை இறக்கியது. வழக்கமான இரண்டு கிளாஸ்களை எடுத்து மேடையில் வைத்தது. சத்தம் நெருங்கி வந்து முற்றத்தில் ஏறி நின்றது. கதவு திறந்து மூடிய ஓசை கேட்டது. இனிப் பையை எடுக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். அவர் அடுக்களை வாசலைப் பார்த்தபடி நின்றார்.

தண்ணீர் கொதித்தது. வாசலில் அனிஷ் வந்து நின்றான்.

"இதுதானா அண்ணா?" என்று கேட்டான்.

ஞானசிங் தலையை ஆட்டினார். இத்தனை மாதமும் தான் அழாமல் இருந்தது ஏன் என்று அப்போது அவருக்குப் புரிந்தது. சத்தம் இன்னும் வரவில்லையே, அவள் வேலை முடிந்து வர நேரமாகிறது என்று உள்ளே ஒரு மூலை காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது வண்டி வந்துவிட்டது.

"அவ வரல்லியே மக்கா" என்றார். அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினார்.

அனிஷ் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.