பின் சீற்றில் படுக்கச் சொன்ன மனிதர்

போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கி இரண்டாவது வருடம். அடம்பனில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலையை விட்டுவிட்டு மன்னார்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். விட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதலாளியோடு வாய்த்தர்க்கம், காலையில் என் பையை வாசலில் வைத்துவிட்டார். நான் இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்தவன், படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ஊர் திரும்பிய பிறகு எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை.

தெருவோரம் முழுக்க மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். நடுத்தெருவை விட்டு இறங்காமல் நடந்தேன். பின்னால் வந்த கார் ஒன்று பக்கத்தில் நின்றது. அதன் வயிறு தரையை உரசுகிற அளவுக்குப் பதிந்திருந்தது. பாரம் ஏற்றிய வண்டிதான் அப்படிப் பதியும். ஆனால் உள்ளே, ஓட்டி வந்த நாற்பது வயது மனிதரைத் தவிர யாருமில்லை. அப்படியென்றால் பாரம் எங்கே?

"மன்னாருக்கோ போறியள், தம்பி?"

"ஓம்."

"ஏறுங்கோ. முன்னுக்கு இல்லை, பின்னுக்கு."

முன் சீற் காலியாகத்தான் இருந்தது. பின் சீற்றில் பாயை மடித்து விரித்துத் தலையணையும் வைத்திருந்தார்.

"காலை நீட்டிப் படுங்கோ."

"ஏன் அண்ணை, என்னை ஆரும் பார்க்கக்கூடாதோ?"

"பார்த்தால் என்ன? படுங்கோவன்."

அவர் சிரிக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, நடக்க இன்னும் பல மைல். படுத்தேன்.

ஒவ்வொரு குழியிலும் கார் 'டொக்' என்று எதிலோ போய் முட்டியது. அந்த அடி நேரே என் முள்ளந்தண்டில் இறங்கியது. உழவு இயந்திரத்தின் சக்கரத் தடத்தில் ரயர் விழும்போதெல்லாம் கார் ஒரு பக்கம் இழுக்க, அவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினார். ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஒரே கேள்வி.

"இடிச்சதோ?"

"இல்லை அண்ணை."

ஒரு மதகடியில் தெரு உடைந்து கிடந்தது. என்னை இறங்கி முன்னால் நடந்து பார்க்கச் சொன்னார். கண்ணிவெடிக்கு முதலில் என் காலைக் கொடுத்துப் பார்க்கிறாரா?

"நீங்கள் இறங்கேல்லையோ?"

"நான் இறங்கினால் கார் தானாய் வருமோ?"

ஓடலாம் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் பலகைகள், எங்கே ஓடுவது? பழைய ரயர்த் தடத்தில் மட்டும் கால் வைத்து நடந்தேன். அடிப்பகுதி கல்லில் உரச, கார் ஊர்ந்து வந்தது. மதகு தாண்டியதும் மறுபடி ஏறிப் படுத்தேன்.

பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடி. இராணுவச் சிப்பாய் குனிந்து, படுத்திருந்த என்னைப் பார்த்தான். எனக்குச் சுகமில்லை என்று ஓட்டியவர் சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் கையசைத்து விட்டுவிட்டான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. காருக்குள் எதையோ ஒளித்திருக்கிறார், சோதனையில் தப்ப நான் நோயாளி வேடம் போடுகிறேன்.

ஆஸ்பத்திரி வீதியில் ஒரு மர நிழலில் நிறுத்தித் திரும்பினார்.

"கடைசியாய்க் கேட்கிறன். முதுகில எங்கையும் இடிக்கேல்லைத்தானே?"

"மெத்தை மாதிரி இருந்தது அண்ணை." இறங்கித் தப்பினால் போதும் எனக்கு.

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப நாளைக்கு என்ர மனுசியை இதில ஏத்தலாம்."

அவருடைய மனைவிக்கு இந்த ஆஸ்பத்திரியில், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் கிடந்த ஷெல் துண்டை எடுத்திருக்கிறார்கள். மறுநாள் வீட்டுக்கு விடுகிறார்கள். இதே தெருவால், படுத்த நிலையில், குலுக்காமல் கொண்டுபோக வேண்டும். பலமாக ஒரு அடி விழுந்தாலும் கால்கள் வழங்காமல் முடங்கிப்போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். கார் மைத்துனருடையது. கொழும்பில் முன்பு வைத்திருந்தவன் அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழப் பதித்திருந்தான்.

"வான் வண்டி உயரம். தூக்கி ஏத்தேக்க முதுகு மடியும். இதில சக்கரக் கதிரையில இருந்து அப்படியே சரிச்சு விடலாம். ஆனால் பதிச்ச கார் குழியில அடிக்குமெண்டாங்கள். அதுதான் உங்களைப் படுக்க வைச்சுப் பார்த்தனான். மதகடியில கல்லுக் குழி பார்க்கத்தான் இறக்கினனான், சாவடியில கேள்வி வராமல்தான் சுகமில்லையெண்டனான்."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் என்ர மனம் நோகக்கூடாதெண்டு நல்லாயிருக்கெண்டுவியள்."

எனக்கு முகம் சுட்டது. அவர் இரக்கத்தில் வரும் பொய்க்குப் பயந்தார். நான் பயத்தில் அதே பொய்யைச் சொல்லியிருந்தேன். முகாமில், அகதிப் பதிவில், சாவடியில் யார் எதைக் கேட்டாலும் 'ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா' என்று சொல்லியே வளர்ந்த வாய் இது.

"அண்ணை, நான் சொன்னது பொய். முழுத் தெருவிலயும் இடிச்சது. அந்தச் சக்கரத் தடத்தில உயிர் போச்சுது."

"ஏன் மறைச்சனீங்கள்?"

"உங்களில நம்பிக்கை இல்லை."

"எனக்கும் உங்களில இல்லைத்தான்" என்று காலடியில் இருந்த பெரிய ஸ்பானரை எடுத்துக் காட்டினார்.

நேரே ஒரு கராஜுக்குப் போனோம். மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் கட்டையாகிவிட்டதால் குழியில் இறங்க இடமில்லை, கார் அடியிலுள்ள தடுப்பு ரப்பரில் போய் முட்டுகிறது என்றார். ஸ்பிரிங் வளையங்களுக்கு இடையில் ரப்பர் துண்டுகளைச் செருகிக் காரை மூன்று விரல் அளவு உயர்த்தினார். நான் படுத்தேன், ஒரு சுற்றுப் போய் வந்தோம். முட்டுகிற சத்தம் நின்றுவிட்டது, ஆனால் சீற் கல்லாகிவிட்டது. சின்னக் கல்லில் ஏறினாலும் பல் ஆடியது.

"உயரம் வந்திட்டுதுதானே, பிறகென்ன?" என்றார் மெக்கானிக்.

"கார் உயர்ந்திட்டுது. முதுகுக்கு ஒண்டும் மாறேல்லை" என்றேன்.

முறைத்தார். பிறகு கொல்லையில் கிடந்த பழைய கார் ஒன்றைக் காட்டி, அதன் முழு ஸ்பிரிங்கைக் கழற்றிப் போடலாம், கையுதவிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். "நல்லாயிருக்கெண்டு சொல்லாத ஆளாய் இருந்தால் இன்னும் நல்லது."

நான் நிற்கிறேன் என்றேன். அன்று கராஜ் ஓரத்திலேயே படுத்தேன். மறுநாள் விடியவே வேலை தொடங்கியது. முழு ஸ்பிரிங் போட்டதும் கார் உயர்ந்தது. வளைவில் சாய்ந்தது, ஆனால் குழிகளை விழுங்கியது. மெதுவாகப் போனால் அந்தச் சாய்வு பெரிதில்லை. உயர்ந்த கதவடிக்குச் சரிவாக வைத்துக் கார்க்காரரின் மனைவியைச் சறுக்கி ஏற்ற ஒரு பலகையைச் சீவிக் கொடுத்தேன். மத்தியானம் பின் சீற்றில் அவவைக் கிடத்திச் சைக்கிள் வேகத்தில் கொண்டுபோனார். நல்லபடி வீடு சேர்ந்ததாக இரண்டு நாள் கழித்து வந்து சொன்னார்.

அந்தக் கராஜில் நான் மூன்று வருடம் இருந்தேன். ஆனாலும் அந்த முதல் நாளில் ஏற்றுக்கொண்ட வேலை ஸ்பிரிங் மாற்றுவது அல்ல, கேட்பவருக்கு உள்ளதைச் சொல்வது. அதுதான் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமான வேலை.