சுண்டுவின் வெள்ளைப் பற்கள்

பல்கட்டுக்காரரை முதல்முறை சந்திப்பவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மனிதர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார், வாயைப் பார்த்துத்தான் பேசுவார். கடையில் பில் போடுகிற பெண்ணிடம், "மேல்வரிசையில அந்த ஒண்ணு கட்டின பல்லுதானே?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். பல் மருத்துவர்கள் அனுப்புகிற பிளாஸ்டர் அச்சில் மெழுகு வைத்து, பல் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது அவர் தொழில். அவர் கட்டிய பல்லை அசல் பல்லிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்பார்கள். அந்தப் பேச்சு அவர் காதுக்குத் தேன்.

சுண்டு அவர் மனைவியின் செல்ல நாய். ஒரு சாண் உயரம், வெள்ளை முடி, ஊரையே கூட்டுகிற குரல். அதன் பல்லில் மஞ்சளாகக் காறை படிந்தபோது, மனைவி மருத்துவரிடம் காட்டலாம் என்றாள்.

"பல்லுக்காக என் வீட்டு நாயை இன்னொருத்தன்கிட்ட தூக்கிட்டுப் போறதா? நல்லா இருக்கு கதை."

வீட்டு மேஜை விளக்கைப் போட்டு, சுண்டுவை மடியில் இடுக்கிக்கொண்டு, மெழுகு சுரண்டும் கத்தியால் தானே சுரண்டினார். பல் முத்தாக வந்தது. அதன்பிறகு மஞ்சள் தட்டும்போதெல்லாம் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "என்ன அண்ணே, நாய்க்கும் பல்செட்டு மாட்டிட்டீங்களா?" என்று கேட்டதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மடியில் சுண்டு முனகியதையும் உதறியதையும் அவர் கவனிக்காமல் இல்லை. கூச்சம் என்று விட்டுவிட்டார்.

"வாய் ரொம்ப நாறுதுங்க" என்றாள் மனைவி ஒருநாள்.

"நாய் வாய் பின்ன பன்னீரா மணக்கும்?"

"ஒரு பக்கமாவே மெல்லுது. பாதியைக் கீழ போடுது."

"வயசாகுதுல்ல. பல்லைப் பாரு, எவ்வளவு சுத்தம்! பல்லைப் பத்தி எனக்கே பாடம் எடுக்காதே."

ஒரு காலை, பழைய செருப்பு ஒன்றைக் கவ்வி இழுத்த சுண்டு, வீல் என்று ஒரே ஒரு சத்தம் போட்டது. பிறகு வாய் மூடவில்லை. கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "பல்லெல்லாம் இவ்வளவு வெள்ளையா இருக்கே, யார் சுத்தம் பண்றது?" என்று கேட்டார்.

"இவருதான்" என்றாள் மனைவி.

"ஐயா, நீங்க சுரண்டினது வெளியில தெரியிற பக்கம் மட்டும்தான். வியாதி ஈறுக்கு உள்ள. பல்லைப் பிடிச்சிட்டிருந்த எலும்பு கரைஞ்சுபோச்சு, அதான் தாடை முறிஞ்சிருக்கு. காறை அப்படியே இருந்திருந்தா யாராச்சும் பயந்து முன்னாடியே கூட்டிட்டு வந்திருப்பாங்க."

டாக்டரம்மா கடிந்து சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஆயுள் முழுக்க அவர் பார்த்ததெல்லாம் பிளாஸ்டர் ஈறு. அதைக் கத்தியால் கீறினாலும் ரத்தம் வராது, வலிக்கிறது என்று முனகாது.

மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டார்கள். வயதான நாய், பிழைத்ததே பெரிது என்றார்கள். தாடை கோணலாகத்தான் கூடியது. நாக்கு ஓரமாக வெளியே தொங்கிப்போனது.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், வேலை பார்க்க உட்கார்ந்து பழக்கதோஷத்தில் மேஜை விளக்கைப் போட்டார். கூடத்தில் படுத்திருந்த சுண்டு எழுந்து, ஒன்றுக்குப் போய்க்கொண்டே கட்டிலடியில் ஒடுங்கியது. அவர் தரையில் படுத்துக் கையை நீட்டி, கண்ணு, ராஜாத்தி என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அது சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. மனைவி துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தாள்.

"என்னை நாலு திட்டாவது திட்டேன்" என்றார்.

"திட்டினா அதுக்குப் பல்லு முளைக்குமா?"

இப்போதும் அவர் பல் கட்டுகிறார், பட்டறையில் மட்டும். வீட்டு மேஜை விளக்கில் பல்பு இல்லை. சுண்டு மனைவியின் கையால் குழைத்த சாப்பாடு சாப்பிடுகிறது. அந்த நேரத்தில் அவர் வாசலில் போய் நின்றுகொள்கிறார், அவர் உள்ளே இருந்தால் அது வாயைத் திறப்பதில்லை.