செலீனாவுக்கு ஒப்புக்கொடுத்த பூசை

என் மச்சாள் செலீனாவைப் போன்ற பிடிவாதக்காரியை எங்கள் ஊரான தோட்டவெளியில் நான் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் தவறுதலாகக் கூட்டிப்போட்ட புள்ளிகளைக் குறைக்கச் சொல்லித் திரும்பிப் போனவள் அவள். அதனால் முதலாம் இடம் கைவிட்டுப் போனது. அவளுடைய அம்மா, என் மாக்கிறட் மாமி, அன்று பேசாத பேச்சில்லை. "உனக்கென்னடி விசரோ?" என்று ஒரு கிழமையாக ஏசிக்கொண்டிருந்தார்.

அந்தச் செலீனா இப்போது ஜேர்மனியில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். யுரேனியம் போன்ற பாரமான அணுவின் கருவை வேகமான துணிக்கைகளால் அடித்தால் அது பெரும்பாலும் உடனே பிளந்துவிடும். மிகச் சில கருக்கள் மட்டும் நீண்டு இழுபட்ட நிலையில், கண் இமைக்கும் நேரத்தைவிட எவ்வளவோ குறுகிய ஒரு கணம் தாக்குப்பிடித்துவிட்டுப் பிளக்கும். அவற்றைப் பிளவு ஐசோமர் என்பார்கள். என் மச்சாளுக்கு அவற்றின் மேல் உயிர்.

அந்தக் கணத்தை அவள் தூரத்தால் அளக்கிறாள். அடிபட்ட கரு, யுரேனியம் பூசிய மெல்லிய தகட்டை விட்டுத் தெறித்துப் பறக்கும். எவ்வளவு தூரம் போய்ப் பிளந்தது என்று தெரிந்தால், எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரிந்துவிடும். அருகில் ஒரு பிளாஸ்ரிக் தாள் இருக்கும். தகட்டிலேயே பிளந்தவற்றின் துண்டுகள் நேராக வந்து படமுடியாதபடி அதன் ஒரு பகுதி மறைவில் கிடக்கும். பறந்துபோய்ப் பிளந்தவற்றின் துண்டுகள் மட்டுமே அந்த மறைவில் பட்டுத் தடம் பதிக்கமுடியும். தாளைச் சூடான காரக் கரைசலில் ஊறவைத்தால் தடங்கள் பெருத்து நுணுக்குக்காட்டியில் தெரியும்.

இந்தத் தவக்காலத்தில் அந்த மறைவில் நிறையத் தடங்கள் தெரிந்தன. இதுவரை யாரும் காணாத ஐசோமர் என்று பேராசிரியரே கைகுலுக்கினாராம். செய்தி கேட்டதும் மாமி கோயில் பாதரிடம் ஓடி, ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டார். எங்கள் கோயிலில் எந்தப் பூசை எதற்காக என்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார்கள். அதுவரை மாமி பொறுப்பாரா? பின்னேரத்துக்குள் ஊரைத் தாண்டி உப்புக்குளம் வரை கதை போய்விட்டது.

புதன்கிழமை செலீனா என்னை அழைத்தாள்.

"தடங்கள் சரிஞ்சிருக்கிற விதம் பிடிக்கேல்லை மச்சாள். தகட்டைப் பிடிச்சிருக்கிற வளையத்தின்ர விளிம்பைத்தான் எல்லாம் காட்டுது. தகட்டில பிளந்த துண்டுகள் அதில பட்டுத் தெறிச்சு வந்திருக்கலாம்."

சோதிக்க ஒரு வழி இருந்தது. தகட்டுக்கு முன்னால் மெல்லிய காபன் தாளை வைத்தால், மெதுவாகப் பறக்கும் கருக்கள் அதிலேயே நின்றுவிடும்; ஐசோமர் உண்மையென்றால் தடங்கள் மறையவேண்டும். பிளந்த துண்டுகளோ வேகமானவை, அதைத் துளைத்துப்போய் வழக்கம்போலத் தடம் பதித்துவிடும். ஆனால் துணிக்கைகளை வேகப்படுத்தும் இயந்திரத்தில் அவளுக்கு மிச்சமிருந்த நேரம் கொஞ்சம்தான். அதில் இன்னும் தடங்கள் சேர்க்கவேண்டும் என்பது பேராசிரியரின் விருப்பம். சோதித்து ஐசோமர் பொய்யென்று வந்தால் பட்டமும் தள்ளிப்போகும்.

எனக்கே கோபம் வந்தது. "அவரே சரியெண்டு சொல்லேக்க உனக்கென்னடி?"

"அவர் சொன்னா விளிம்பு இல்லாமப் போயிடுமே?"

சனிக்கிழமை மறுபடி அழைத்தாள். "தாள் வைச்சும் தடங்கள் அப்பிடியே இருக்கு. ஐசோமர் இல்லை மச்சாள். நாங்கள் வைச்ச வளையம்தான் பிழை. பூசையை நிப்பாட்டச் சொல்லி அம்மாட்டைச் சொல்லுங்கோ. எனக்கு வாய் வரேல்லை."

மாமி வீட்டுக்குப் போனேன். மாமி ஞாயிறுக்கு உடுக்கும் சேலையை மடித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா ஆருக்கும் தெரிஞ்சிருக்குமே?"

"இப்போதைக்கு ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது மாமி."

மாமி சேலையை வைத்துவிட்டு எழுந்து கோயில் பக்கம் போனார்.

மறுநாள் கோயிலில் நான் கடைசி வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். மாமியோ முன் வாங்கில், அந்தச் சேலையில், நிமிர்ந்து இருந்தார். பாதர் வாசித்தார்: "தன் மகள் செலீனா தன்னுடைய பிழையைத் தானே கண்டுபிடித்து, அதை மறைக்காமல் சொன்னதற்காக, மாக்கிறட் ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறார்."

நான் தலையை நிமிர்த்தினேன். பின்னேரம் செலீனாவிடம் சொன்னேன். ஆய்வுகூடத்தில் அழாதவள் அழுதாள்.

"அண்டைக்குப் புள்ளி குறைச்சதுக்கு அம்மா அப்பிடி ஏசினவ எல்லே, மச்சாள்" என்றாள்.