மிளகுக்காரி கழுத்தில் காசுமாலை

எது நல்ல படம் என்று பணக்காரருக்குச் சொல்வதுதான் என் உத்தியோகம். சொன்னதை அவர் கேட்பது அதில் சேர்த்தி இல்லை. வக்கீலோ வைத்தியரோ, யோசனை சொல்லிப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்காவது என் வயிற்றெரிச்சல் புரியும்.

துரைமார் பங்களாக்களைப் பார்த்து, ராசிபுரம் பக்கத்தில் சின்ன ஜமீன்தாரான மிட்டாதார் ஒருவருக்குப் படம் சேர்க்கும் ஆசை வந்தது. கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊருக்கு அருகே பங்களா கட்டி, சித்திரப் பள்ளியில் படித்தவன் என்று என்னை அமர்த்திக்கொண்டார்.

சாண் கணக்கு

முதலில் நான் தேர்ந்தெடுத்தது, மலைச்சரிவில் மழை இறங்கும் சின்ன நீர்வண்ணப் படம். ஒரு சொட்டு மழை படாமல் நெஞ்சோடு அணைத்து, அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து நடந்தே ஏறினேன். மிட்டாதார் படத்தைச் சாணால் அளந்தார்; சுவரைப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இத மாட்டுனா செவுத்துல பல்லி ஒட்டுன மாதிரியில்லீங்க இருக்கும்?"

ஈரம் காயாத சீமைப்படம்

சேலத்து வியாபாரி ஒருவன் கட்டில் அகலத்துக்கு ஒரு படத்தை நாலு ஆள் வைத்துத் தூக்கி வந்தான். விக்டோரியா மகாராணி காலத்துச் சீமைப்படமாம். மூலையிலிருந்த கையெழுத்தைத் தொட்டேன். விரலில் கறுப்பு மை ஒட்டியது. கொதித்துப்போய் விரலை மிட்டாதார் மூக்குக்கு நேரே நீட்டினேன். வியாபாரிக்கே முகம் வெளுத்தது. மிட்டாதாருக்கு வெளுக்கவில்லை.

"மை காயாட்டி என்னங்க, எழுத்து இங்கிலீசுதானுங்களே?"

நகை

அதே மலையிலுள்ள குண்டூர் நாட்டிலிருந்து மிளகு கொண்டுவரும் நாச்சியைப் பட்டணத்து ஓவியர் ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருந்தார். தலையில் கூடை, வெறுங்கழுத்து, யாருக்கும் பணியாத பார்வை. மன்றாடி அதை வாங்க வைத்தேன். ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் மிட்டாதார், கடைப்பலகை எழுதுபவரைக் கூப்பிட்டு அவள் கழுத்தில் காசுமாலை வரைய வைத்திருந்தார். அப்போதுதான் மிளகோடு வந்த நாச்சி படத்தைப் பார்த்துக் கூடையை இறக்கினாள்.

"சாமி, இத்தன நகைய எங்க எடுத்தேன்னு ஊருல என்னையில்லீங்க கேப்பாங்க?"

துடைத்தேன்

யாரையும் கேட்கவில்லை. பழைய வேட்டித் துணியை டர்பன்டைனில் நனைத்து, அரைகுறையாய்க் காய்ந்திருந்த அந்தக் காசுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அடியிலிருந்த கழுத்துக்குச் சேதமில்லை. நாச்சி கிட்டே வந்து பார்த்தாள், தலையசைத்தாள், கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மிட்டாதார் வந்து பார்த்ததும் என் பெட்டியை வாசலில் வைக்கச் சொன்னார்.

"நம்பி ஊட்டுக்குள்ள உட்டதுக்குக் காசுமாலையவே கழட்டிப்புட்டீங்களே!"

பெயிண்டில் போட்ட நகையைத் திருடியதாக மலையிறங்கிய மனிதன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.