இறங்கிய தோளுக்கு ஒரு சட்டை

தையற்கடைகளுக்கு ஒரு வேதம் உண்டு: துணி தப்பே செய்யாது, உடம்புதான் செய்யும்.

கண்டக்டரம்மாவிடமும் கடைக்காரர் அதைத்தான் ஓதினார். வருஷக்கணக்கில் பஸ்ஸில் பை மாட்டி அம்மாவின் இடது தோள் இறங்கிவிட்டது. புதுச் சட்டை அந்தப் பக்கம் தொளதொளவென்று தொங்கியது.

“தையல்ல குறை இல்லம்மா. உங்க தோள்தான் கோணல்.”

“அப்ப தோளைக் கழற்றிக் கொடுத்துட்டுப் போறேன். பிடிச்சுத் தைச்சு வைங்க!”

வீட்டில் நாத்தனார், அடுத்த வாரக் கல்யாணப்பெண், வேறு யோசனை வைத்திருந்தாள். “அண்ணி, குடும்பப் போட்டோவுல ஒரு சால்வை போத்திக்கிட்டு ஓரமா நில்லுங்களேன்.”

இந்த வீட்டுக்கே சோறு போட்ட தோள் அது.

“நடுவுலதான் நிப்பேன். சால்வையை மாப்பிள்ளைக்குக் குளிரெடுத்தா போத்திவிடு.”

கண்டக்டரம்மா வேறு துணி வாங்கி, அளவுக்குப் பழைய சட்டையை மேலே விரித்து, தானே ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு வெட்டினார். நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டார். சட்டையை உள்புறம் வெளியே வர மாட்டிக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டார். அவர் இடது தோளில் தொங்கிய துணியைப் பிடித்து ஊசி குத்தினார். பாதி துணியில், பாதி மனைவியில்.

குத்திய இடத்தில் தைத்துத் திருப்பிப் போட்டால், வலது தோள் இறுக்கிப் பிடித்தது. இடது பழையபடி தொங்கியது. திருப்பியதில் இடம் வலமாகிவிட்டது!

“இப்ப சட்டையும் கோணல்டி,” என்றார் புருஷன், ஆறுதலாக. “பேசாம அந்தச் சால்வையையே...”

“வாயை மூடிக்கிட்டு ஊசியை எடுங்க.”

ஓட்டுத்தையலின் பெருமை அதுதான்: ஓர் இழுப்பு, பிரிந்து வந்துவிடும். இந்த முறை சட்டையை நேராகவே போட்டு, அளவு பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். பிறகு பின்தையல். ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் பின்னால் போய், அதைவிட அதிகமாக முன்னால் வர வேண்டும். நம் தலைவர்கள் முதல் பாதியை மட்டும் கற்றிருக்கிறார்கள். கீழ் விளிம்பை இரண்டு முறை மடித்து, வெளியே நூல் தெரியாமல் பொடித்தையலாகப் போட்டு முடித்தார்.

கல்யாண மேடையில் நடுவில் போய் நின்றார். சட்டை தோளில் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தது.

“அக்கா, இடது தோளைக் கொஞ்சம் தூக்குங்க,” என்றார் போட்டோக்காரர்.

“தூக்கினா சட்டை சுருங்கிடும் தம்பி. இந்தத் தோளுக்குத்தான் தைச்சது. எடுங்க.”

போட்டோக்காரர் கல்யாணப்பெண்ணைப் பார்த்தார். அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கேமராவைப் பார்த்தார்.

எடுத்தார்.