சின்னண்ணன் ஆடுவான்

எனக்கு இரண்டு அண்ணன்கள். பெரியண்ணன் கிரிக்கெட் வீரன் ஆனான், சின்னண்ணன் சினிமா நடிகை ஆனான். இரண்டும் ஒரே பீரோக் கண்ணாடிக்கு முன்னால்தான் நடந்தன. ஒருவனுக்கு மட்டை கிடைத்தது. இன்னொருவனுக்கு அடி கிடைத்தது.

நான் கடைக்குட்டி. அப்போது எனக்கு எட்டு வயது, சின்னண்ணனுக்குப் பதினொன்று, பெரியண்ணனுக்குப் பதினான்கு. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியிருந்தோம். முன்னறையில் அம்மாவின் தையல் மிஷின். அதற்கு எதிரே இரும்பு பீரோ, அதன் ஒரு கதவு முழுக்கக் கண்ணாடி. அம்மாவிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள் போட்டுப் பார்ப்பதற்காக வாங்கியது. தெருவிலேயே ஆளுயரக் கண்ணாடி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

அப்பா நகராட்சியில் வால்வு ஆபரேட்டர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பது என்பது அவர் கையில். சின்ன வேலைதான், ஆனால் அவரைப் பகைத்துக்கொள்ள ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. படம் மாறும்போதெல்லாம் தியேட்டர்காரர் எங்களுக்குப் பாஸ் அனுப்பிவிடுவார்.

அப்படிப் பார்த்த ஒரு படத்தில் கதாநாயகி ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் ஆடுவாள். புறப்படவிருக்கும் ரயிலில் யாரோ வில்லனின் ஆட்கள், அவர்களைத் தாமதப்படுத்த ஆடுகிறாள் என்று கதை. கதை யாருக்கு வேண்டும்? கடைசியில் ஏழு சுற்று சுற்றிவிட்டு ஆணி அடித்தாற்போல நிற்பாள். உடம்பு நின்ற பிறகும் முடி மட்டும் அரைச் சுற்று வந்து முகத்தில் விழும். அதன் வழியாக நேராக நம்மைப் பார்ப்பாள். சின்னண்ணன் அந்தப் படத்தை நான்கு முறை பார்த்தான். நான்காவது முறை வீடு திரும்பும்போது வழியெல்லாம் விரல்விட்டுச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே வந்தான். மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் கண்ணாடி முன் வந்து நின்றான்.

பெரியண்ணன் அதே கண்ணாடி முன்னால் ஒரு பிரபல பேட்ஸ்மேனாக ஒரு வருஷமாய் நின்றுகொண்டிருந்தான். இடது சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வான், தரையில் மூன்று தட்டு தட்டுவான், உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணாடிக்குள் இருக்கும் பந்துவீச்சாளரை முறைப்பான். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்ப்பார். "அப்படியே அவனேதான்!" என்பார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். அந்த வருஷமே நிஜ மட்டை வாங்கிக் கொடுத்தார்.

சின்னண்ணன் பொட்டு வைக்கவில்லை, சேலை சுற்றவில்லை. அரைக்கால் சட்டையோடுதான் ஆடினான். பாட்டுக்கு நான். வாயாலேயே தாளம், வாயாலேயே வயலின். அவன் சுற்றி முடித்துக் காலை ஊன்றும்போது தரை அதிரும்.

"மேல என்ன, குதிரை கட்டியிருக்கீங்களா?" என்று சைக்கிள் கடைக்காரர் கீழேயிருந்து கத்துவார்.

அப்பாவிடம் சொன்னது நான்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்குப் புது கவுன் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்க வந்தேன். "தள்ளிப் போ, இன்னும் நிக்கிறது வரல" என்று அவன் என்னை ஒதுக்கிவிட்டான். அந்தக் கோபம். அடுத்த நாள் அப்பா நேரத்தோடு வந்து, செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் படியேறினார்.

"என்னடா பண்ற?"

"டான்ஸ் ஆடுறேன்."

"அது பொம்பள ஆடுறது."

"ஆமா, அவங்கதான் நல்லா ஆடுறாங்க. ஹீரோ சும்மா ஓரமா நின்னு கையத்தான் ஆட்டுறான்."

கன்னத்தில் விழுந்தது. அதோடு விடவில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று முடிதிருத்தும் கடைக்கு இழுத்துப்போய் மொட்டை அடித்துக் கூட்டிவந்தார். "இனிமே எப்படி ஆடுறேன்னு பாக்குறேன்" என்றார். அண்ணன் நேராகக் கண்ணாடி முன் போய்த் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அழவில்லை. அழுதது நான்.

மறுநாள் அப்பா வீட்டில் இருக்கும்போதே ஆடினான். ஏழு சுற்றும் சுற்றினான். மூச்சு வாங்க நின்று, "சுத்தும்போது கண்ணுல முடி விழல. வசதியாத்தான் இருக்கு" என்றான்.

மறுபடியும் அடி. அடிக்கு நடுவே அவன் கேட்ட கேள்வி எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "அண்ணன் மட்டும் வேற ஒருத்தர் மாதிரி பண்ணலாமா?"

"அவன் ஆம்பள மாதிரி பண்றான்டா!"

"அண்ணன் அந்த ஆம்பளையா ஆகப்போறதில்ல. நான் இந்தப் பொம்பளையா ஆகப்போறதில்ல. ரெண்டு பேரும் வெட்டி வேலைதானே பாக்குறோம்? அடிச்சா ரெண்டு பேரையும் அடிங்க."

அம்மாவின் வாயில் குண்டூசிகள் இருந்தன. சிரிப்பை அடக்கப்போய் ஒன்று உதட்டில் குத்திவிட்டது. பெரியண்ணன் மட்டையை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே நழுவினான்.

அன்றைக்குப் படுக்கப்போகும்போது, நான்தான் சொன்னேன் என்று சின்னண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். "தெரியும். நீ சொல்லாட்டி சைக்கிள் கடைக்காரர் சொல்லியிருப்பாரு" என்றான். "நாளைக்குப் பாட்ட கொஞ்சம் மெதுவாப் பாடு. அஞ்சாவது சுத்துல நீ ஓடிடுற."

விஷயம் தெருவுக்குத் தெரிந்துபோனது. கதாநாயகி என்று பட்டப்பெயர் விழுந்தது, பிறகு தேய்ந்து நாயகி ஆயிற்று. தண்ணீர்க்குடத்தோடு போனாலும், புத்தகப்பையோடு போனாலும் "நாயகி! ஏய் நாயகி!" முதல் ஆறு மாதம் கத்தினவனையெல்லாம் துரத்தித் துரத்தி அடித்தான், அடியும் வாங்கினான். பிறகு ஒருநாள் யாரோ கூப்பிட்டபோது நின்று, திரும்பி, "என்ன வேணும்?" என்று கேட்டான். கூப்பிட்டவனுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை. ஏதோ நேரம் கேட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் அந்தப் பெயர் பல் பிடுங்கின பாம்பு. வாத்தியார்கூட வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் அப்படியே கூப்பிட்டார், இவனும் "உள்ளேன் ஐயா" என்றான்.

பெரியண்ணனை ஊர் அணியின் தேர்வுக்கு அப்பாவே கூட்டிப்போனார். நான்கு பந்து. மூன்றாவது பந்திலேயே ஸ்டம்ப் பறந்தது. திரும்பி வந்தவன் மட்டையைப் பரணில் போட்டான். மறுபடி அதை இறக்கவே இல்லை. யாரும் அவனைத் திட்டவில்லை. ஆனாலும் கண்ணாடிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான், தலை வாருவதற்குக்கூடக் கையளவுக் கண்ணாடிதான். சின்னண்ணன் அவனுக்காக வருத்தப்பட்டான். "ஒருத்தன் அவுட்டாக்கினா விட்டுடறதா? என்னை அப்பா எத்தனை தடவை அவுட்டாக்கியிருக்காரு!"

படிப்பு பத்தாவதோடு முடிந்தது. சின்னண்ணன் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தான். தோள் அகன்றது, மீசை வந்தது, முன்கையெல்லாம் தீப்பொறி சுட்ட புள்ளிகள். ஆட்டம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஆடுவான். துணி காயப்போட வருபவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பட்டறையில் ஒரு ஃபோர்மேன். இவன் வெல்டிங்கில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாத எரிச்சல் அவருக்கு. எங்கள் தெருவிலிருந்து அங்கே வேலைக்குப் போன ஒரு பெயின்டர் பழைய கதையை அவர் காதில் போட்டான். அந்த வருஷ ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். சின்னண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, நான் போனேன். அசெம்பிளி ஷெட்டில் பாதி கட்டின இரண்டு பஸ்களைத் தள்ளி நிறுத்திவிட்டு மேடை போட்டிருந்தார்கள். முதலாளி முன்வரிசையில். ஃபோர்மேன் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம வெல்டர்ல ஒருத்தர் பொம்பள டான்ஸ் பிரமாதமா ஆடுவாராம். ஊர்ல பேரே நாயகியாம். மேடைக்கு வரணும், வெக்கப்படக் கூடாது!"

ஷெட் முழுக்கச் சிரிப்பு. "வா சின்னண்ணா, போயிடலாம்" என்று சட்டையைப் பிடித்தேன். அவன் என் கையை எடுத்துவிட்டுவிட்டு மேடையேறினான். பாட்டுப் போடுகிறவரிடம் அந்தப் படத்தின் பெயரைச் சொன்னான். இருந்தது.

பாட்டு தொடங்கியது. கனத்த பூட்ஸோடு, எண்ணெய்க் கறை படிந்த சீருடையோடு முதல் அடி வைத்தான். இடுப்பு அசைந்ததும் நான்கு பேர் விசிலடித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அவன் நின்றான். கையை உயர்த்தினான்.

"பாட்ட முதல்லேருந்து போடுங்க."

மறுபடி ஆரம்பம். மறுபடி சிரிப்பு. மறுபடி நின்றான். "முதல்லேருந்து." குரலில் கோபமே இல்லை, தேய்க்க வேண்டிய இடத்தைத் திரும்பத் தேய்ப்பவன் குரல். மூன்றாவது தடவை ஒரே ஒருத்தன்தான் சிரித்தான். அவன் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்காவது தடவை அந்த ஷெட்டில் தகரம் காற்றில் படபடக்கும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

பாதி ஆட்டத்தில் ஃபோர்மேன் எழுந்து, "சரிப்பா, போதும் போதும்" என்றார்.

அண்ணன் ஆடிக்கொண்டே சொன்னான். "நீங்கதான் சார் கூப்பிட்டீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். முதலாளி பக்கத்தில் இருக்கும்போது வேறென்ன செய்வார்?

ஏழு சுற்று. பூட்ஸ் பலகையில் இறங்கிய இறக்கத்தில் மைக் கீழே விழுந்தது. இவன் அசையவில்லை. முகத்தில் விழுந்த முடியின் வழியாக முன்வரிசையைப் பார்த்தபடி நின்றான், பாட்டு முடிந்த பிறகும் நின்றான். முதலில் தட்டியது கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மாள். அப்புறம் பெண்கள் பக்கம், அப்புறம் வெல்டர்கள். எல்லோரும் தட்டினார்கள் என்று சொன்னால் அது பொய். பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஃபோர்மேன் பழி தீர்த்தார். மூன்று மாதம் பஸ்ஸின் சேஸிஸுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் செய்யும் வேலையாகக் கொடுத்தார். பொறி நெஞ்சிலேயே விழும் வேலை. அண்ணன் முனகாமல் செய்தான். பிறகு வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பட்டறை போட்டான். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி. பலகையில் கொட்டை எழுத்தில் "நாயகி வெல்டிங் ஒர்க்ஸ்". பார்க்கிறவர்கள் மகள் பெயர் என்று நினைத்தார்கள். மகளே அப்போது கிடையாது.

அண்ணி வந்தது அதற்குப் பிறகுதான். அவன் வெல்டிங் ராடு வாங்கும் ஹார்டுவேர் கடையில் அவள் பில் போடுகிறவள். கடைக்காரர்கள் கிண்டலாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"நீங்க ஆடுவீங்களாமே, நிஜமா?"

"நிஜம்தான். விடச் சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வேற கடையில ராடு வாங்கிக்கிறேன்."

"விடச் சொல்லல. எனக்கு ஒரு தாளமும் வராது. வீட்டுல ஒருத்தருக்காவது வரட்டுமேன்னு கேட்டேன்."

வருஷங்கள் ஓடின. அம்மா போய்ச் சேர்ந்தாள். இப்போது சின்னண்ணனுக்கு ஐம்பத்திரண்டு, அப்பாவுக்கு எண்பத்து மூன்று. போன மாதம் பெரியண்ணன் மகளுக்குக் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்னால் பெரியண்ணன் என் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, விசிறியைப் பார்த்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கொஞ்சம் ஒரு மாதிரி. அவன்கிட்ட நீ பக்குவமா சொல்லு. மண்டபத்துல ஆடிவெக்கப் போறான். நீ சொன்னா கேப்பான்."

எட்டு வயதில் செய்த வேலையே மறுபடி என் தலையில். போகாமல் இருந்திருக்கலாம், போனேன். பட்டறையில் முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சின்னண்ணன் கேட்டான்.

"யார் சொன்னது, பெரியவனா?"

"ம்."

"எந்தக் கல்யாணத்துலயாவது யாரும் கூப்பிடாம நான் ஆடியிருக்கேனா? முட்டி வலி வேற. சாப்பிட்டுட்டு வந்துடலாம்னுதான் இருந்தேன்." கவசத்தை முழுசாகக் கழற்றிக் கீழே வைத்தான். "இப்ப ஆடாதேன்னு சொல்லிட்டான். இனிமே எப்படி ஆடாம இருக்கிறது, குட்டி?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மதிய விருந்து முடிந்ததும் கச்சேரிக்காரர்கள் பழைய பாட்டுகள் வாசித்தார்கள். சின்னண்ணன் போய் அவர்கள் காதில் ஏதோ சொன்னான். பெரியண்ணன் என்னை முறைத்தான். நான் கையிலிருந்த தாம்பூலப் பையை முறைத்தேன். மணமேடைக்கு முன்னால் இருந்த இடத்தில், நரைத்த மீசையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக, காலை அகல ஊன்றி, முதல் அடி வைத்தான். ஒரு பக்கம் சிரிப்பு கிளம்பியது. கையை உயர்த்தப்போனான், அதற்குள் அண்ணி எழுந்து நின்று அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது. முட்டி ஐந்து சுற்றோடு கைவிரித்துவிட்டது. ஆனாலும் நின்ற நிலை நின்ற நிலைதான். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "யார் இவரு? நல்லா ஆடுறாரே!" என்றாள். பெரியண்ணன் ஓடிப்போய், "என் தம்பிதாங்க!" என்றான். வெட்கம்கெட்டவன்.

அப்பா முன்வரிசையில் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்திருந்தார்.

திரும்பும்போது சின்னண்ணனின் வேனில்தான் அப்பாவை ஏற்றிக்கொண்டோம். அவன் ஓட்டினான், அப்பா பக்கத்தில், நானும் அண்ணியும் பின்னால். ஏறியதிலிருந்து அப்பா விடாமல் திட்டினார். வயசுக்குத் தகுந்த புத்தி இல்லை என்றார், மானம் போச்சு என்றார், மீசையை எடுத்துவிட்டு ஆடு என்றார். அண்ணன் கியர் மாற்றினான், ஹாரன் அடித்தான், ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா, சரிப்பா" என்றான்.

கடைசியில் அப்பா களைத்துப்போனார். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

"மறுபடி ஆடுவியா?"

"ஆடுவேன்ப்பா."

அப்பா முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார்.

"ஜன்னலை ஏத்துடா. காத்து மூஞ்சில அடிக்குது."

அண்ணன் ஏற்றினான்.