நைனா சுமந்த வயிற்றெரிச்சல்

என் நைனா பொறாமைக்காரர். பெற்ற தகப்பனைப் பற்றி மகள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் அவரோடு ஒரு நாள் வயலுக்குப் போய் வந்திருக்க வேண்டும். பக்கத்து வயலில் நாற்று ஒரு விரற்கடை உயரமாக நின்றால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்க்க மாட்டார். முன்னால் நிற்பவனுக்குக் குருக்கள் எவ்வளவு விபூதி கொடுக்கிறார் என்று பார்ப்பார். நல்ல உழைப்பாளி. குடி கிடையாது, பெண்டாட்டியை ஒரு நாளும் கை நீட்டி அடித்தது கிடையாது. வயிற்றெரிச்சல் ஒன்றுதான் குறை, ஆனால் அது நாலு பேருக்குப் பங்கு போட்டாலும் மிஞ்சும்.

அவர் பெயர் அரசப்பன். திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்கி இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர். இரண்டரை ஏக்கர் நஞ்சை, ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு. 1969ஆம் வருஷம் பங்குனியில் வேப்பம்பட்டு மணியம்மாளைக் கட்டிக்கொண்டார். அதுதான் என் அம்மா.

அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. தூக்கி வளர்த்தது எல்லாம் அண்ணன் பூவராகவன்தான். என் மாமா. ஆவடி டாங்க் பாக்டரியில் வேலை, கையில் வாட்சு, தினமும் சவரம் செய்த முகம், யாரிடமும் குரல் உயர்த்தாத பேச்சு. அவருக்கும் ஜானகியம்மாள் அத்தைக்கும் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. அமாவாசை தவறாமல் இருவரும் திருவள்ளூருக்குப் போய் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொண்டு வருவார்கள்.

நைனாவுக்கு மாமாவின் வாட்சு பிடிக்கவில்லை, சவரம் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விட, அம்மா வாயைத் திறந்தால் "எங்கண்ணன்" என்று ஆரம்பிப்பது பிடிக்கவில்லை.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பத்து நாள் கழித்து மாமா ஸ்வீட் பொட்டலத்தோடு வயலுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, தங்கச்சி முழுகாம கீது!"

நைனாவுக்குச் சந்தோஷம்தான். ஒரு வரப்பு நீளத்துக்குச் சந்தோஷம். அந்தக் கோடி போய்த் திரும்பி வருவதற்குள் கேட்டுவிட்டார்: "ஒங்களுக்கு எப்போ தெரியும்?"

"முந்தாநேத்து. மருத்துவச்சி நாடி பாத்து சொல்லிச்சி."

நைனா கணக்குப் பார்த்தார். மருத்துவச்சிக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும், மச்சான் பெண்டாட்டிக்குத் தெரியும், திருவள்ளூர் மிட்டாய்க் கடைக்காரனிடமும் வாயெல்லாம் பல்லாகச் சொல்லித்தான் வாங்கியிருப்பார். பிள்ளைக்குத் தகப்பன் ஐந்தாவது ஆள். அந்த ஸ்வீட்டை அவர் தொடவே இல்லை, மாட்டுக்கு வைத்துவிட்டார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஆவணியில் அம்மா திரும்பி வந்தாள். மசக்கை பிடித்து ஆட்டியது. எதைத் தின்றாலும் வாந்தி. பெண்டாட்டியின் மசக்கைக்குப் புருஷன் கையால் வாங்கிக் கொடுத்தால்தான் ஆசை தீரும் என்று யாரோ சொல்ல, நைனா விளாமரம் ஏறி ஒரு கூடை பழம் பறித்து வந்தார். முழங்கை முழுக்க முள் கிழித்திருந்தது. ஓட்டை உடைத்த வாசனைக்கே அம்மா கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அந்த வாரமே மாமா வந்தார். பாக்டரி கேண்டீன் பன் ரெண்டு, காகிதத்தில் சுற்றி. அம்மா அதை டீயில் தொட்டுத் தின்றாள். வயிற்றிலும் தங்கியது.

மறுநாள் நைனா நாற்றங்காலை அப்படியே போட்டுவிட்டு ரயிலேறித் திருவள்ளூர் போய் ஒரு டஜன் பன் வாங்கி வந்தார். அம்மா ஒன்றைப் பிய்த்து முகர்ந்து பார்த்து, "எங்கண்ணன் வாங்கியாந்தது வேற வாசனை" என்றாள். அந்தப் பன்னிரண்டையும் நைனா ஒருவரே தின்று தீர்த்தார். மூன்று நாள் ஆயிற்று.

பெண்டாட்டி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஐப்பசிக்குள் நைனா சாமியார் மாதிரி ஆகிவிட்டார். "இன்னா அரசப்பா, புள்ள ஒனக்கா அவளுக்கா?" என்று களத்துமேட்டில் கேலி செய்தார்கள். அந்தத் தாடியோடு அவர் நிற்கும்போதுதான் மாமா வழவழவென்று சவரம் செய்த கன்னத்தோடு வந்து இறங்குவார். பிள்ளை முதல் முதலாக உதைத்தபோது நைனா பக்கத்தில்தான் இருந்தார். அதுவாவது அவருக்குக் கிடைத்ததே என்று நினைக்காதீர்கள். "யப்பா, இன்னா துறுதுறுப்பு! எங்கண்ணன் மாதிரி" என்றாளாம் அம்மா. தன் நெஞ்சிலேயே உதை விழுந்தது போல எழுந்து வெளியே போய்விட்டார். அவர் பக்கம் பேச எனக்கு எப்போதும் மனம் வராது, ஆனால் இந்த ஓர் இடத்தில் அம்மா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

கார்த்திகையில் வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் மாமா அம்மாவை வேப்பம்பட்டுக்கு அழைத்துப் போனார். அதற்குப் பிறகு நைனாவின் எரிச்சலுக்கு எல்லையே இல்லை. சம்பா அறுப்புக்கு நின்ற நேரம், நினைத்தபோது ரயிலேற முடியாது. தன் பெண்டாட்டியைத் தினமும் பார்க்கிறவன் மச்சான், அவள் கால் வீங்கியதா வடிந்ததா என்று தெரிந்தவன் மச்சான். அண்டை வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அடுத்த வீட்டுக்காரி உலக்கையால் குத்திக்கொண்ட கதை கேட்டிருப்பீர்கள். இவர் தன் பிள்ளைக்கே குத்திக்கொண்டார்.

காணும் பொங்கலன்று புது அரிசி ஒரு மூட்டையும் கரும்பும் எடுத்துக்கொண்டு வேப்பம்பட்டு போனார். வீட்டின் பின்புறம் கிணற்றடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நல்லபடியாகத்தான் பேச்சு ஆரம்பித்தது. அப்புறம் அம்மா சொன்னாள்:

"புள்ள பொறந்ததும் எங்கண்ணன்தாங்க சக்கரத் தண்ணி தொட்டு வெக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

பிறந்த குழந்தையின் வாயில் முதல் முதலில் சர்க்கரைத் தண்ணீரை யார் விரலால் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும். எங்கள் பக்கத்தில் சந்தேகமே இல்லாமல் நம்பும் விஷயம் இது. நைனாவும் நம்பினார்.

"ஏன், எவ் வெரல்ல இன்னா கொற?"

"வெரல்ல இன்னா கொற? கொணத்துலதான்."

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம். நைனாவுக்கு ஆடியிலிருந்து சேர்த்து வைத்தது எல்லாம் ஒரே வாயில் வந்தது. "அமாவாசைக்கு அமாவாசை கொளத்துல வெல்லம் கரைச்சிகினு கீறானே, ஒங்கண்ணன். ஒரு புள்ள பெத்துக்க வக்கில்லாதவன் கைய எம் புள்ள வாயில வெப்பியா நீ? எம் புள்ள, எவ் வெரலுதான் படணும். இல்லன்னா நான் இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அம்மா குளிக்க வெந்நீர்த் தவலையைத் தூக்கிக்கொண்டு மாமா பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். தவலையைச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே நின்ற அத்தையும் போனாள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அத்தைதான். நைனா இன்றுவரை "அப்படி ஒண்ணும் சொல்லல" என்றுதான் சாதிக்கிறார். அன்று சாயங்கால ரயிலில் ஊர் திரும்பினார். அம்மா வழியனுப்ப எழுந்திருக்கவில்லை.

மாசியில் ஒரு நாள் காலை களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தால், தூசிக்கு அந்தப்பக்கம் மாமா. வேலைக்குப் போகும் சட்டையிலேயே வந்திருந்தார்.

"வலி எடுத்துடுச்சி மாப்ள. வாங்க."

ஆள் அனுப்பியிருக்கலாம். அவ்வளவு கேட்ட பிறகும் தானே வந்து நின்றார். நைனாவுக்கு அதிலும் எரிந்தது. முதல் சேதியும் இவன் வாயால், கடைசிச் சேதியும் இவன் வாயால். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாசஞ்சர் ரயிலில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். திருவள்ளூர் ஸ்டேஷன் வந்தால் வீரராகவர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவது மாமாவின் வழக்கம். அன்று அவர் கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. நைனா கும்பிட்டார், தானே முதலில் கும்பிட்ட திருப்தியோடு.

வீட்டு வாசலிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. மருத்துவச்சி குப்பம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "பொண்ணு. ரெண்டு உசுரும் நல்லா கீது."

ஜானகியம்மாள் அத்தை சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தாள். எதிரே இரண்டு ஆம்பிளைகள். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல், சுரத்தே இல்லாமல்: "அவர் கையிலியே குடு அண்ணி. அவருக்குத்தான் வோணும்."

மாமா சட்டென்று திரும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நைனா ஜெயித்துவிட்டார்.

உள்ளே போனார். குப்பம்மாள் என்னைத் துணியில் சுற்றிப் பிடித்திருந்தாள். கண்ணை இறுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு, என் பங்கை எவனோ பிடுங்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி கத்தினேனாம். நைனா விரலைக் கிண்ணத்தில் நனைத்தார். என் வாயருகே கொண்டுவந்தார். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"தொட்டு வையேன்பா, கத்துது பாரு" என்றாள் குப்பம்மாள்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த விரல் பட்டால் இவளுக்கு வரப்போவது எது? அடுத்தவன் நாற்றைப் பார்த்துப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடப்பது. பத்து மாதமாக ஒரு நாள்கூட மனதாரச் சந்தோஷப்படாமல் கழிந்தது. மிட்டாய் தின்னாதது, பன்னிரண்டு பன் தின்றது. நைனாவுக்குப் பயம் வந்துவிட்டது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தோடு வெளியே நடந்தார்.

"இன்னாய்யா மனுஷன் நீ, சரியான பேஜாரு!" என்று குப்பம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்.

மாமா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். நைனா கிண்ணத்தை நீட்டினார்.

"நீங்க தொட்டு வெய்ங்க மச்சான். எங் கொணம் அதுக்கு வாணாம். அன்னிக்குப் பேசினது தப்பு. புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

மாமா கிண்ணத்தை வாங்கவில்லை.

"நான் தொட மாட்டேன் மாப்ள."

"கோவமா கீறீங்க. நாயமான கோவம்தான்."

"கோவம் இல்ல." மாமா தரையைப் பார்த்தபடியே பேசினார். "ஆடி அமாவாசைக்குத் தங்கச்சிக்கு நல்லபடியா பொறக்கணும்னு வேண்டிக்கத்தான் திருவள்ளூரு போனேன். வெல்லத்தக் கையில வெச்சிகினு கொளத்துப் படியில நின்னேன். வாயில வரல. எட்டு வருசமா கேக்கறோம், எங்களுக்குக் குடுக்காம, கண்ணாலம் ஆன கையோட இவங்களுக்குக் குடுத்துட்டியேன்னுதான் வந்துச்சி. நான் வளத்த பொண்ணு. அதும் புள்ளைக்கே நான் அப்படி நின்னேன். அதுக்கப்பறம் அந்தக் கோயிலுக்கே போவல. பன்னு வாங்கியாந்தேன், தங்கச்சியத் தாங்கினேன், எல்லாம் பண்ணேன். ராத்திரியில ஒங்கள நெனச்சா எனக்குத் தூக்கம் புடிக்காது. இந்தக் கையால தொட்டா புள்ளைக்கு இதுதான் வரும். என்னக் கேக்காதீங்க."

நைனா ஊரில் எல்லோரையும் பார்த்து எரிந்தவர். தன்னைப் பார்த்து ஒருத்தன் எரிவான், அதுவும் வாட்சு கட்டிய இந்த மச்சான் எரிவார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. எவ்வளவு காலமாக ஏங்கியிருப்பார் இதற்கு! கிடைத்தபோது அவருக்கு அழுகைதான் வந்தது.

உள்ளே அம்மா அதற்குமேல் பொறுக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், எவன் குணமும் வேண்டாம் என்று என்னை வாங்கித் தாய்ப்பால் கொடுத்துவிட்டாள். அத்தை ஓடிவந்து இதைச் சொன்னபோது, மீதி நின்றது கிண்ணத்துத் தண்ணீரும் இரண்டு ஆம்பிளைகளும்தான். நைனா அந்தத் தண்ணீரைக் கிணற்றடியிலேயே ஊற்றினார். கையைக் கழுவினார். உள்ளே போய், பால் குடித்து ஓய்ந்திருந்த என்னைத் துணியோடு அள்ளினார்.

"யோவ், கழுத்து நிக்காத புள்ளய்யா அது!" குப்பம்மாள் பதறினாள்.

ஒரு கையில் தலையும் ஒரு கையில் உடம்புமாக, தானே இன்னும் மடியில் வைத்துக் கொஞ்சியிராத பிள்ளையைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து மாமாவின் மடியில் வைத்தார். மாமா பதறி எழப் பார்த்தார், எழ முடியவில்லை. அத்தை வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள். இருவரும் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்களாம்.

நைனா கொஞ்ச தூரம் தள்ளி, தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். வெயில் ஏறியது. அம்மா உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். அன்று அவர் என்னைத் திருப்பிக் கேட்கவே இல்லை.